எலிஹு யேலை எங்கள் பிள்ளைகளுக்கு முழுதாகச் சொல்லுங்கள்: சென்னை நாள் விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்னை நாளை ஒட்டிப் பள்ளி மாணவர்களுக்காக நீங்கள் அறிவித்திருக்கும் கட்டுரைப் போட்டியின் சுற்றறிக்கை எங்கள் பள்ளிக்கும் வந்தது. தலைப்பு, ‘மதராஸ் தந்த கல்வி வள்ளல்’. பிள்ளைகள் படித்துத் தயாராக ஒரு பக்கக் குறிப்பும் இணைத்திருந்தீர்கள். புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேல், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தை நிறுவியவர், மதராஸ் மாநகராட்சியை உருவாக்கியவர், மருத்துவமனை கட்டித் தந்தவர், அவர் நம் ஊருக்குப் பெருமை என்று அந்தக் குறிப்பு சொல்கிறது.

நான் வடசென்னையில் ஓர் அரசுப் பள்ளியின் வரலாற்று ஆசிரியை. பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் ஒருவரையும் தயார் செய்யவில்லை. குறிப்பில் எது தவறு, எது விடுபட்டிருக்கிறது என்று உங்களுக்குத் தனியாக எழுதினேன். பதில் இல்லாததால் தொலைபேசியிலும் பேசினேன். “விழா நேரத்துல இதெல்லாம் எதுக்கு மேடம், பசங்களுக்கு நல்லதை மட்டும் சொல்வோமே” என்றார் உங்கள் குழுவில் ஒருவர். மரியாதையாகத்தான் பேசினார். அந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் இனி எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

குறிப்பில் உள்ளதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

யேல் பல்கலைக்கழகத்தை எலிஹு யேல் நிறுவவில்லை. அந்தக் கல்லூரி 1701-லேயே கனெக்டிகட்டில் வேறு சிலரால் தொடங்கப்பட்டுவிட்டது. நியூ ஹேவனில் கட்டடம் எழுப்பப் பணம் போதாமல் திண்டாடிய நேரத்தில், லண்டனில் செல்வந்தராக வாழ்ந்துகொண்டிருந்த யேலுக்கு பாஸ்டன் பாதிரியார் காட்டன் மாதர் 1718-ல் கடிதம் எழுதினார். உதவி செய்தால் கல்லூரிக்கு உங்கள் பெயரையே சூட்டலாம் என்று அதில் ஆசை காட்டினார். யேல் ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பிவைத்தார். பொதிகளில் பருத்தித் துணியும் மஸ்லினும் இருந்தன. விற்றதில் ஏறக்குறைய 562 பவுன் கிடைத்தது. பெயர் நிலைத்தது. 1649-ல் பாஸ்டனில் பிறந்து, மூன்று வயது வாக்கில் பெற்றோரோடு இங்கிலாந்து போனவர் அவர். தன் பெயர் தாங்கிய கல்லூரியை அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் ஊருக்குச் சம்பந்தப்பட்ட கேள்வி. 1672-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியில் ஆண்டுக்கு 10 பவுன் சம்பளத்துக்கு எழுத்தராக இங்கே வந்து இறங்கியவர் யேல். 1680-ல் கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸ் இறந்த சில மாதங்களில் அவருடைய மனைவி கேத்தரினை மணந்தார். கோட்டைக்குள் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த புனித மேரி தேவாலயத்தில் நடந்த முதல் திருமணம் அதுவே. ஹின்மர்ஸ் விட்டுப்போன சொத்து யேலின் சொந்த வியாபாரத்துக்கு முதலாயிற்று. துணியிலும் வைரத்திலும் அது பெருகியது. கம்பெனியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தன் கணக்கில் வியாபாரம் பண்ணினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று குற்றம் சாட்டி, கம்பெனியே 1692-ல் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. அடுத்த சில ஆண்டுகள் இங்கேயே இருந்து அந்த வழக்குகளோடு மல்லுக்கட்டிவிட்டு, 1699-ல்தான் கப்பலேறினார். போகும்போது பெரும் பணக்காரர். உங்கள் குறிப்பில் பதவி நீக்கம் பற்றி ஒரு சொல் இல்லை. ‘1692 வரை கவர்னராகச் சேவையாற்றினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஓர் ஊழியரை அவருடைய முதலாளியே ஊழலுக்காக வெளியேற்றியதை ‘சேவையாற்றினார்’ என்று எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுப்பது எப்படிச் சரி?

மாநகராட்சி விஷயமும் இப்படித்தான். அது லண்டனில் உட்கார்ந்திருந்த கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டின் திட்டம். 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனம் கப்பலில் வந்தது, 1688 செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி தொடங்கியது. யேல் அன்று கவர்னர், அவ்வளவே. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். அதற்கு இரண்டு வருடம் முன்பு, நகரைச் சுற்றி மதில் கட்ட வரி கேட்டபோது கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் நகரத்தின் மக்கள் கடைகளை மூடி எதிர்த்து நின்றார்கள். நேரடியாகக் கேட்டால் தராத வரியை, ஊர்ப் பெரியவர்களையே சபையில் உட்கார வைத்து வசூலித்துவிடலாம் என்பது அந்தத் திட்டத்துக்குப் பின்னாலிருந்த கணக்கு. அந்த முதல் சபையில் சின்ன வெங்கடாத்ரி, ஆலங்காத்தா பிள்ளை போன்ற உள்ளூர் வணிகர்களும் ஆல்டர்மேன்களாக, அதாவது மூத்த சபை உறுப்பினர்களாக, இருந்தார்கள். சௌகார்பேட்டை ஏகாம்பரேஸ்வரர் கோயிலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அந்தக் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆலங்காத்தா பிள்ளையின் பெயர் குறிப்பில் இருந்திருந்தால், ‘இது நம்ம ஏரியா கதை’ என்று அவர்களாகவே தேடிப் படித்திருப்பார்கள்.

மருத்துவமனை பற்றி நீங்கள் எழுதியது சரி. 1690-ல், அவர் காலத்தில்தான் கோட்டைக்குள் மருத்துவமனைக்குப் புது இடம் கிடைத்தது. அதை நான் மறுக்கவில்லை, மறைக்கவும் சொல்லவில்லை.

இனி, குறிப்பில் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

யேல் பதவியேற்ற 1687-ல் இந்தக் கரையோரம் முழுக்கக் கொடும் பஞ்சம். கோல்கொண்டாவை ஔரங்கசீப்பின் படை முற்றுகையிட்டிருந்த வருடமும் அதுதான். உள்நாட்டில் பிழைக்க வழியற்றுப் போனவர்கள் கரையை நோக்கி வந்தார்கள். அவர்களில் பலர் விற்கப்பட்டார்கள். பெற்ற பிள்ளையை விற்றவர்களும் உண்டு. யேல் தலைமை தாங்கிய ஆட்சிக் குழு அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு முடிவெடுத்து ஏட்டில் பதிந்தது. கடும் பஞ்சத்தால் ஏழைகள் மிகுந்துவிட்டார்கள், விலையும் மலிந்துவிட்டது, அதனால் இந்தத் துறைமுகத்திலிருந்து அடிமை வாணிபம் பெருகிவருகிறது. ஆகவே, இனி இந்தக் கரையிலிருந்து அனுப்பப்படும் ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு வராகன் (அன்றைய பொற்காசு) சுங்கம் கம்பெனிக்குச் செலுத்த வேண்டும். இதுதான் அந்த முடிவின் சாரம். பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவது பற்றி அந்தத் தீர்மானத்தில் ஒன்றுமில்லை. தலைக்கு ஒரு வராகன் என்பது மட்டுமே இருக்கிறது.

அந்த ஆண்டில் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து கப்பலேற்றப்பட்டதாக, கம்பெனி ஏடுகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பா போகும் கப்பல் ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து அடிமைகளாவது ஏற்றப்பட வேண்டும் என்று ஆட்சிக் குழு உத்தரவிட்ட கூட்டத்தில் யேலும் இருந்தார். கம்பெனிக்குச் சொந்தமான செயின்ட் ஹெலினா தீவுக்கும், சுமத்ராவின் பென்கூலன் பக்கமும் இங்கிருந்து ஆட்கள் போனார்கள். இதில் மதராஸ் தனியாகவும் இல்லை. பக்கத்துப் பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்கள் 1621-க்கும் 1665-க்கும் இடையில் 38,000-க்கும் மேற்பட்டவர்களை பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். நம் கரையின் கதையில் இது ஓரமாக நடந்த சின்னச் சம்பவம் இல்லை.

அந்த 1687 உத்தரவைத் தமிழில் எழுதிக்கொண்டுபோய் ஒன்பதாம் வகுப்பில் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். வழக்கமாக முதலில் வரும் கேள்வி, “ஒரு வராகன்னா இப்ப எவ்ளோ மிஸ்?” என்பதாக இருக்கும். போன ஆண்டு, காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவி வேறொன்று கேட்டாள். “கப்பல்ல ஏத்துனவங்க பேரெல்லாம் எழுதி வெச்சாங்களா மிஸ்?” இந்த உத்தரவில் ஒரு பெயரும் இல்லை என்று சொன்னேன். “அப்ப அவங்க வீட்ல தேடினா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?” என்றாள். கடலுக்குப் போனவர் திரும்பாமல் போன வீடுகளுக்கு நடுவில் வளர்கிற பெண் அவள். கேள்வி அவளுக்கு இயல்பாக வந்தது. வகுப்பில் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ‘கல்வி வள்ளல்’ என்று கட்டுரை எழுதச் சொல்லி இந்தப் பிள்ளையை நான் எப்படி உட்கார வைப்பேன், சொல்லுங்கள்.

உங்கள் பாரம்பரிய நடையிலும் ஒருமுறை என் மாணவர்களோடு வந்திருக்கிறேன். உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில், வாகனங்களுக்கு நடுவே உயரமாக நிற்கும் அந்தக் கூம்புக் கல்லறைக்கு முன்னால் வழிகாட்டி எங்களை நிறுத்தினார். ஜோசப் ஹின்மர்ஸும், யேலின் சின்னஞ்சிறு மகன் டேவிட்டும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். பிள்ளையை இழந்த தந்தையின் துக்கத்தை வழிகாட்டி உருக்கமாகச் சொன்னார். எனக்கும் மனம் கனத்தது. குழந்தை யாருடையதாக இருந்தாலும் குழந்தைதான். ஆனால் டேவிட் இறந்தது, மேலே சொன்ன சுங்க உத்தரவு வந்த காலத்தை ஒட்டித்தான். 1688 தொடக்கம். அதே மாதங்களில் இதே கரையில் எத்தனையோ தாய்மார் பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல அந்த இடத்தைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் கிடையாது. வழிகாட்டி யேல் பல்கலைக்கழகத்துக்குத் தாவிவிட்டார்.

அந்த இடத்துக்கே ஒரு கதை உண்டு, அதையும் அன்று யாரும் சொல்லவில்லை. இன்று உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் மண்தான் பழைய கருப்பர் நகரம். நெசவாளர்கள், சாயக்காரர்கள், மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகள், கூலிக்காரர்கள் வாழ்ந்த தெருக்கள் அங்கேதான் இருந்தன. பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்துத் திரும்பக் கொடுத்த பிறகு, எதிரிப் படை மறைந்து நின்று சுட இடம் கொடுக்கக் கூடாது என்று அந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆங்கிலேயர் இடுகாட்டின் கல்லறைகளும் 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படைக்கு மறைவிடமாகிப்போனதால், கல்வெட்டுகளைப் பெயர்த்துக்கொண்டுபோய்ப் பின்னர் புனித மேரி தேவாலய முற்றத்தில் பதித்தார்கள். அவற்றின் மேல்தான் இன்று நாம் நடக்கிறோம். தங்கள் இறந்தவர்களின் பெயர்களைப் பத்திரமாக எடுத்துவைத்தார்கள். இடித்த வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு அப்படி ஒரு முற்றம் இல்லை. எங்கள் பகுதியின் பிள்ளைகளில் பலர் அப்படிப் பெயர்ந்து வடக்கே வந்த உழைப்பாளிச் சமூகங்களின் வழித்தோன்றல்கள்தான். வண்ணாரப்பேட்டையின் தோற்றமே கம்பெனித் துணியை வெளுத்துக்கொடுத்தவர்களோடு சேர்ந்தது. யேல் கதையில் அவர்களுக்கு ஓர் இடம் கேட்பது அதிகப்படியா?

2023-ல் ஒரு வழக்கில் அந்தக் கல்லறையை இடம் மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டபோது, உங்கள் குழுவினர் சிலர் பதறி எழுதினீர்கள். நானும் அதை நகர்த்துவதை விரும்பவில்லை. கல்லறை அங்கேயே இருக்க வேண்டும். யேலின் பெயரை எங்கிருந்தாவது அழிக்க வேண்டும் என்பதும் என் கோரிக்கை கிடையாது. ஒரு கல்லுக்காக அவ்வளவு அக்கறையோடு எழுத முடிந்த நீங்கள், அந்தக் கல்லுக்குச் சொந்தக்காரர்களின் காலத்தில் கப்பலேற்றப்பட்டவர்களுக்காக ஒரு வரி எழுதவில்லை என்பதே என் வருத்தம்.

தொலைபேசியில் உங்கள் உறுப்பினர் சொன்ன சமாதானங்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

“அடிமை வியாபாரத்தை அவரே தடை பண்ணிட்டாரே” என்றார். ஆம், 1688 மே மாதம் யேலின் ஆட்சிக் குழு அடிமைகளை வாங்குவதையும் கப்பலேற்றுவதையும் தடை செய்தது. ஏன் செய்தது என்பதும் அதே ஏட்டில் இருக்கிறது. கோல்கொண்டா வீழ்ந்து மொகலாயர் ஆட்சி இந்தப் பக்கம் வந்துவிட்டது, அவர்கள் இந்த வாணிபத்தைக் கண்டிப்பாகத் தடுத்தார்கள். பிள்ளைகளைத் திருடி விற்கிறார்கள் என்ற புகாரும் பெருகிவிட்டது. வெளியிலிருந்து வந்த நெருக்கடிக்குப் பணிந்து போட்ட உத்தரவு அது. எட்டே மாதம் முன்பு சுங்கம் வைத்து லாபம் பார்த்த அதே குழு போட்டது. தடையைச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். சுங்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

“அந்தக் காலத்துல எல்லாருமே அப்படித்தானே” என்பது இன்னொன்று. எல்லோரும் அப்படி இல்லை. பிள்ளை திருடுபோனதென்று முறையிட்டவர்களும் அதே காலத்தவர்கள்தான். அதே மண்ணில் நின்று இது அநியாயம் என்று சொன்னார்கள். காலத்தை வைத்து நியாயம் பேசுவதானால், அந்தக் காலத்தில் வாழ்ந்த அவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் நானே விலக்கிவிடுகிறேன். சொல்லாமல் குதிரையை எடுத்துப்போன குதிரைக்காரனை யேல் தூக்கில் போட்டார் என்றொரு கதை ஊரில் உலவுகிறது. பின்னால் வந்த ஒரு பயணியின் புத்தகத்திலிருந்து பரவிய கதை அது, ஏடுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லி நான் கேட்க மாட்டேன். யேல்மீது அவதூறு சேர்ப்பது என் நோக்கமில்லை. அவருடைய குழுவே கையெழுத்திட்டுப் பதிந்துவைத்ததே போதுமானது.

யாருடைய பெருமையைக் காக்க நீங்கள் தயங்குகிறீர்களோ, அந்தப் பல்கலைக்கழகமே இவ்வளவு தயங்கவில்லை. யேலும் அவர் குடும்பத்தாரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஒரு பழைய ஓவியம் அங்கே உள்ள பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். கழுத்தில் வெள்ளிப் பட்டை, அதில் பூட்டு. நெடுங்காலம் அந்தப் படத்தில் பேசப்பட்டவர்கள் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் மட்டுமே. 2020-ல் அந்த ஓவியத்தைக் காட்சியிலிருந்து இறக்கி, நின்றுகொண்டிருந்த சிறுவன் யாராக இருக்கலாம் என்று ஆராய்ந்தார்கள். பிறகு அடிமைக் குழந்தை என்பதைத் தலைப்பிலேயே சேர்த்துத் திரும்ப மாட்டினார்கள். 2024 பிப்ரவரியில், அடிமைமுறையோடு தன் முன்னோடிகளுக்கு இருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. பெயரைச் சுமக்கும் நிறுவனமே அவ்வளவு தூரம் வந்துவிட்டது. பணம் ஈட்டப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நாம் இன்னும் ‘வள்ளல்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வேல்ஸ் நாட்டு ரெக்ஸாம் ஊரில் உள்ள யேலின் கல்லறையில் எழுதியிருப்பதையும் படித்துப் பாருங்கள். அமெரிக்காவில் பிறந்தார், ஐரோப்பாவில் வளர்ந்தார், ஆசியாவில் மணந்தார் என்று தொடங்கி, நிறைய நன்மையும் கொஞ்சம் தீமையும் செய்தார் என்று ஒப்புக்கொள்கிறது அது. அவருடைய சொந்தக் கல்லறைக்கு இருந்த துணிவுகூட உங்கள் ஒரு பக்கக் குறிப்புக்கு இல்லாமல் போனதே என்று இருக்கிறது எனக்கு.

கடலூரையும் சொல்லாமல் விட மனமில்லை. என் தாய்வழி உறவினர்கள் அந்தப் பக்கம் இருப்பதால் சின்ன வயதிலிருந்தே தேவனாம்பட்டினக் கடற்கரைக்குப் போய்வருகிறேன். 1690-ல் அங்கிருந்த கோட்டையை யேல் மராத்தியரிடமிருந்து கம்பெனிக்காக விலைக்கு வாங்கினார். புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். விற்பனையில் ஒரு நிபந்தனை: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போகுமோ அதுவரை உள்ள நிலமும் சேர்த்தி. நல்ல பீரங்கியாகப் பார்த்து நான்கு பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குப் போயின. வயலில் நின்றவரிடமோ வலை உலர்த்தியவரிடமோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குண்டு உப்பலவாடி, குண்டுச் சாலை என்று இன்றைக்கும் அங்கே பெயர்கள் வழங்குகின்றன. என் உறவுக்காரப் பிள்ளைகள் தினமும் அந்தச் சாலையில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். யார் சுட்ட குண்டு என்று அவர்களுக்கு ஒரு பாடத்திலும் சொல்லித் தரப்படவில்லை. யேல் பெயரில் போட்டி வைக்க இதைவிடச் சுவையான, இதைவிட நியாயமான விஷயம் வேறென்ன வேண்டும்?

பிள்ளைகளுக்குக் கசப்பானதைச் சொன்னால் ஊர்மேல் பற்று குறையும் என்று நீங்கள் அஞ்சுவது புரிகிறது. வகுப்பறையில் நான் கண்டது அதற்கு நேர்மாறு. கோட்டை, கவர்னர், சாசனம் என்று பாடம் நடத்தும்போது கொட்டாவி விடும் பிள்ளைகள், ஒரு வராகன் உத்தரவைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இந்தக் கடற்கரையில் இப்படி நடந்ததா, எந்த இடத்தில் ஏற்றினார்கள், படகில் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றினார்களா என்று கேட்கிறார்கள். அப்போது இங்கே கப்பல் கரையோடு வந்து நிற்கும் துறைமுகமே கிடையாது, கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போக வேண்டும் என்று சொன்னால், படகு ஓட்டியது யார் என்று அடுத்த கேள்வி வருகிறது. அங்கிருந்துதான் வரலாறு அவர்களுடையதாகிறது.

என் கோரிக்கைகள் இவை.

கட்டுரைப் போட்டியின் தலைப்பை மாற்றுங்கள். ‘எலிஹு யேலின் காலத்து மதராஸ்’ என்று வைத்தாலே போதும், பிள்ளைகள் தாங்களே படித்துத் தங்கள் முடிவுக்கு வரட்டும். ஏற்கெனவே பள்ளிகளுக்கு அனுப்பிய குறிப்பைத் திரும்பப் பெற்று, பல்கலைக்கழகத்தை நிறுவியவர், மாநகராட்சியை உருவாக்கியவர் என்ற தவறுகளைத் திருத்துங்கள். 1687 சுங்க உத்தரவு, 1688 தடை, 1692 பதவி நீக்கம் மூன்றையும் தேதியோடு சேர்த்துப் புதிய குறிப்பை அனுப்புங்கள். கட்டுரைகளை அனுப்பும் கடைசி நாளையும் அதற்கேற்பத் தள்ளிவையுங்கள்.

பாரம்பரிய நடையில், டேவிட் யேலின் கல்லறை முன்பு நிற்கும்போது அந்த 1687 உத்தரவைத் தமிழில் முழுதாக வாசிக்கச் செய்யுங்கள். வாசிப்பவர் ஒரு மாணவராக இருந்தால் இன்னும் நல்லது. அதே நடையில் இடிக்கப்பட்ட கருப்பர் நகரத்தின் எல்லைகளையும் காட்டுங்கள். வழிகாட்டிகளுக்கு இதற்கான பயிற்சி தேவைப்பட்டால், என்னைப் போன்ற ஆசிரியர்கள் பலர் சம்பளமின்றி வந்து நடத்தித் தரத் தயாராக இருக்கிறோம்.

கம்பெனியின் நாட்குறிப்பு, ஆலோசனை ஏடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அச்சிட்ட தொகுதிகளும் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில். யேல் காலத்து ஏடுகளிலிருந்து பஞ்சம், அடிமை வாணிபம், மதில் வரி, குண்டு விழுந்த ஊர்கள் பற்றிய பகுதிகளையாவது தமிழில் பெயர்த்து ஒரு சிறு நூலாக, இந்த ஆண்டு விழாச் செலவில் அச்சிட்டுப் பள்ளி நூலகங்களுக்குக் கொடுங்கள். மேடை அலங்காரத்துக்கு ஆகும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்பதை ஆகஸ்ட் 22-க்கு முன்பாக எழுத்தில் தெரிவியுங்கள். திருத்திய குறிப்பு வந்து சேரும் நாளிலேயே எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
வடசென்னை அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியை